ஆற்றுவாய் வெட்டிய கிழமை

கொரோனா வந்த வருடத்தின் முதல் நாள் காலையில், புதுக் கொப்பி ஒன்றை விரித்து, அடிமட்டம் வைத்து மூன்று கட்டங்கள் கீறினேன். முதலாவது திகதி. இரண்டாவது செய்தது. மூன்றாவது, செய்யாவிட்டால் அதற்குக் காரணம். அந்த மூன்றாவது கட்டத்தைக் கீறச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு காரியத்தைத் தொடங்கும்போதே அது நடக்காமல் போவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் உள்ள பழக்கம். எனக்கும் இருந்தது.

முதற்பக்கத்தில் அந்த வருடம் செய்யவேண்டியதை எழுதினேன். காலை நிலத்தில் ஊன்றாமல் ஆற்றில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் நீந்துவது. ஆரையம்பதியிலிருந்து வடக்கே வெகு தூரத்துக் கதிரவெளி வரை சைக்கிளில் போவது, திரும்பி வர பஸ் இருக்கிறது. இடையில் நடக்காமல் பத்துக் கிலோமீற்றர் ஓடுவது. பிறகு ஆடி மாதம் கிழக்குக் கரையில் நடக்க இருந்த ஒரு ட்ரையத்லன் போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. இடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க அதில் நேரம் கிடையாது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. கணவர் விவசாயி. வீடு ஆரையம்பதியில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில். வயல் அக்கரையில், வவுணதீவுப் பக்கத்து வட்டையில், வயல்வெளியை அப்படித்தான் சொல்வோம். வாவி என்று கடிதங்களில் எழுதுவேனே தவிர, வாயில் எங்களுக்கு அது ஆறுதான். சூரியன் எழும் எங்கள் கரை எழுவான்கரை, அது விழும் அந்தக் கரை படுவான்கரை. என் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு கரைக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது.

இதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு டொக்டர் என் இரத்தப் பரிசோதனைக் கடதாசியைப் பார்த்து முகத்தைச் சுளித்து, தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடந்து அலுத்துப்போய் ஓடினேன். ஓடியதில் முழங்கால் நொந்து சைக்கிள் மிதித்தேன். பிறகு போனில் வீடியோ பார்த்து, காற்சட்டைக்கு மேல் நீளச் சட்டை போட்டு ஆற்றில் இறங்கினேன்.

"என்னகா, நடக்கச் சொன்ன டொக்டர் பறக்கச் சொல்லல்லியா?" என்று என் கணவர் கேட்டார்.

நீந்தத் தொடங்கிய முதல் மாதமே ஒரு வலையில் மாட்டிக்கொண்டேன். வலைக்காரர் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருப்பவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். தோணியை விட்டுக்கொண்டு வந்து, திட்டாமல் என் காலை வலையிலிருந்து பிரித்துவிட்டார். அந்தக் கிழமை அவருக்கு அகப்பட்டதிலேயே பெரிய மீன் நான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மறுநாள் ஒரு பழைய மஞ்சள் எண்ணெய்க் கேனையும் கயிற்றையும் கொண்டுவந்து தந்தார்.

"தங்கச்சி, இத இடுப்புல கட்டிக்கொண்டு நீந்து. தோணிக்காரனுக்குத் தூரத்திலயே தெரியும். மறுகா என்ட வலைக்குள்ள மட்டும் வராத."

அன்றிலிருந்து கேன் இல்லாமல் நான் நீந்தியதில்லை.

ஏன் இந்தப் போட்டி என்று கேட்காதவர்கள் இல்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைப்பேன். அது பாதிதான் உண்மை. மீதி உண்மை இது: நாற்பத்தேழு வயதுவரை நான் தொடங்கியது எதையும் முடித்ததில்லை. உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடம் எழுதினேன், மூன்றாவதுக்கு முன் சண்டை வந்து இடம்பெயர்ந்தோம். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து முதல் வருடம் படித்தேன், பிறகு பாதை பூட்டினார்கள். தையற்கடை போடப் பார்த்தேன், சுனாமியில் கடல் வந்து மெசினைக் கொண்டுபோனது. ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்கள். "நிலைமை சரியில்ல, பொறகு பாப்பம்." அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. நிலைமை உண்மையிலேயே சரியில்லைதான். ஆனால் அந்தப் பொறகு ஒருநாளும் வரவில்லை. நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியே நரைத்துவிட்டேன். இந்த ஒன்றையாவது முடிக்கவேண்டும், முடித்தேன் என்று நானே எனக்குச் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பங்குனியில் ஊரடங்கு போட்டார்கள்.

முதல் இரண்டு கிழமை நான் பயந்தேன். அதை மறைக்க என்ன இருக்கிறது? செய்தியில் நோயாளர் எண்ணிக்கை சொல்லும் நேரம் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கணவர் இருமினால் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். கொப்பியில் மூன்றாவது கட்டம் வரிசையாக நிரம்பியது. ஊரடங்கு. ஊரடங்கு. ஊரடங்கு, மனசும் சரியில்லை. ஒரு நாள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடமாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நானே அழகாக எழுதி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்கி ஓடினேன்.

எங்கள் வளவில் பதினொரு தென்னை, ஒரு கிணறு, ஒரு கோழிக்கூடு. வேலியோரமாக ஒரு சுற்று ஓடினால் நூறு மீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். எண்ணிக்கை பிசகாமலிருக்க ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை சட்டியில் போட்டேன். கோழிகள் முதல் நாள் கத்தின, மூன்றாம் நாள் விலகின, ஒரு மாதத்தில் நான் வருவதைப் பார்த்து எழும்பக்கூட இல்லை. மணலில் ஒரு பாதை விழுந்தது. என் கணவர் அந்தப் பாதைக்கு உட்பக்கமாக வெண்டி நட்டார்.

"நீ சுத்துற எடத்துல மாடு வராது," என்றார்.

நீச்சலுக்குத்தான் வழியில்லை. ஆற்றுக்குப் போக மீன்பிடிக்காரருக்கு மட்டும் அனுமதி. கட்டிலில் குப்புறப் படுத்துக் கையை வீசிப் பழகினேன். கணவர் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றவா என்று கேட்டார். கையில் கிடைத்த தலையணையை எறிந்தேன்.

சைக்கிளுக்கு வழியை அவரே காட்டினார். சிறுபோக வேலைக்கு வயலுக்குப் போகிறவர்களுக்குக் கிராம சேவகர் அனுமதித் துண்டு கொடுத்தார். இவர் மோட்டார் சைக்கிளில் போவார். நான் பின்னால் என் பழைய ரேஸ் சைக்கிளில், முகக்கவசத்தோடு, மண்முனைப் பாலத்தைக் கடந்து, படுவான்கரை வீதியால் வடக்கே வட்டை வரைக்கும் மிதிப்பேன். வயல்காரிதான் என்பதற்கு அடையாளமாகச் சைக்கிள் பாரில் ஒரு மண்வெட்டியைக் கட்டியிருந்தேன். பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் நாலைந்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் துண்டை வாங்கிப் பார்த்தார், என் சப்பாத்தைப் பார்த்தார், மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"மண்வெட்டியில மண் இல்லை," என்றார்.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. அன்று வரைக்கும் நான் வட்டைக்குப் போய் மரநிழலில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தேன், அது உண்மைதான். அன்றைக்கு வரம்பில் இறங்கி இரண்டு மணிநேரம் புல் செதுக்கினேன். அடுத்த நாளும் செதுக்கினேன். அந்தப் போகம் முழுக்க என்னிடமிருந்து தப்பிய வரம்பு இல்லை. திரும்பும்போது மண்ணோடு இருந்த மண்வெட்டியை அவர் கண்ணுக்குப் படும்படி கட்டிக்கொண்டு வருவேன். அவர் தலையை ஆட்டி வழிவிடுவார்.

ஆனி மாதம் ஊரடங்கு தளர்ந்து, கேனைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கிய காலையில் அழுதேன். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அதே மாதக் கடைசியில் போட்டிக்காரரிடமிருந்து போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தற்போதைய நிலைமை காரணமாகப் போட்டி ஒத்திவைக்கப்படுகிறது. கார்த்திகையில் இன்னொன்று வந்தது. தற்போதைய நிலைமை காரணமாகப் போட்டி நடைபெறாது. அவர்களில் எனக்குக் கோபமில்லை. ஆட்களைச் சேர்த்துக் கூட்டம் போடுகிற வருடமா அது? அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம். போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டுப் போய் நீந்தினேன்.

கதிரவெளிக்குப் போகவில்லை. ஒரு தடவை புறப்பட ஆயத்தமானபோது இரண்டாம் அலை வந்து பாதைகளில் மறியல் போட்டார்கள். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கதிரவெளி எங்கும் ஓடிப்போகவில்லை, அங்கேதான் இருக்கிறது.

மார்கழியில் நானே ஒரு போட்டி வைத்தேன். வருடத்தின் கடைசி ஞாயிறு. காலையில் எங்கள் ஒழுங்கைத் துறையிலிருந்து ஆற்றைக் கடந்து படுவான்கரைக்கு நீந்துவது. அண்ணன் தோணியில் பக்கத்தில் வருவார். அக்கரையில் கணவர் சைக்கிளோடு நிற்பார். அங்கிருந்து வட்டைக்கு மிதித்துப் போய், பாலத்தால் திரும்பி, வீட்டு வளவுக்குள் பத்துக் கிலோமீற்றர் ஓடுவது. மீன்பிடிக்கப் போகாத நேரம் எது, எங்கெங்கே வலை கிடக்கும், காற்று எப்போது எழும்பும், எல்லாம் கேட்டு எழுதினேன். முதலையைப் பற்றியும் கேட்டேன். நான் தண்ணீர் அடிக்கிற சத்தத்துக்கு அது வாழைச்சேனைக்கே போயிருக்கும் என்றார் அண்ணன்.

அதற்கு முந்திய கிழமை மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் ஏறி எங்கள் துறையின் கல்லை மூடியது. அக்கரையில் வீதி மறைந்தது, வட்டைகளில் பெரும்போக வெள்ளாமை தண்ணீருக்குள் போனது. இப்படி வரும் காலத்தில் கடலையும் ஆற்றையும் மறிக்கிற மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கும். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்போம். விவசாயிகள் வெட்டு என்பார்கள், இறால் போய்விடும் என்று மீன்பிடிக்காரர் பொறு என்பார்கள். என் கணவரும் இன்னும் மூன்று விவசாயிகளும் முகக்கவசத்தோடு எங்கள் விறாந்தையில் தள்ளித்தள்ளி உட்கார்ந்து, ஆற்றுவாயை உடனே வெட்டக் கோரி மனு எழுதவேண்டும் என்றார்கள். எழுதுவதற்கு என்னைவிட்டால் யார்? பயிரின் வயதிலிருந்து மூழ்கிய நாட்கள் வரை ஒன்றும் விடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். நாங்களும் வெள்ளாமைக்காரர்தானே என்று நானும் ஒரு கையெழுத்து வைத்தேன். வியாழக்கிழமை வெட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பயிரின் நுனி வெளியே தெரிகிறது என்று கணவர் சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேனைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

துறையடியில் தண்ணீர் இருந்தது. கல் வெளியே தெரிந்ததைக் கண்ணால் கண்டேன், கண்டும் என் புத்தியில் ஏறவில்லை. மூச்சு, கை, மூச்சு, கை என்று போனேன். முந்நூறு மீற்றர் போயிருப்பேன், விரல் எதிலோ குத்தியது. அடுத்த கை சேற்றுக்குள் போனது. தலையைத் தூக்கினேன். எனக்கு முன்னால் ஆற்றின் நடுவில் கொக்குகள் நின்றன. மிதக்கவில்லை, நின்றன. அவற்றின் முழங்கால்கூட நனையவில்லை.

தோணியும் தரைதட்டி நின்றது. அண்ணன் மரக்கோலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அண்ண, இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியாம? ஆத்துவாய் வெட்டினா நடு ஆத்து மேடு வத்தி வெளிய தெரியும்தானே. மனு எழுதினதே நீதான். தெரிஞ்சுதான் நாள் வச்சிரிக்கா எண்டு நினைச்சன்."

கொப்பியில் காற்றைக் கணக்கெடுத்தவள், வலையைக் கணக்கெடுத்தவள், முதலையைக்கூட விசாரித்தவள், என் கையாலேயே மனு எழுதி என் ஆற்றைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பாயாசமும் காய்ச்சியிருக்கிறேன். மனு வயலுடைய விஷயம், நீச்சல் என்னுடைய விஷயம் என்று இரண்டையும் வேறுவேறாக வைத்திருந்தேன். தண்ணீர் ஒன்றுதான் என்பது ஊரிலுள்ள கொக்குக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சேற்றில் குப்புறக் கிடந்தபடியே சிரித்தேன். சிரித்து முடிகிற நேரத்தில் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன்.

அண்ணனுக்கு இரக்கமாகப் போயிற்று. கையை நீட்டினார்.

"எழும்பு தங்கச்சி. ரெண்டு பேருமாத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போவம். நிலைமை சரியில்ல, பொறகு ஒரு நாளைக்குப் பாப்பம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசனத்தை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

"பொறகு இல்ல அண்ண," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் கால் ஊண்ட மாட்டன். நீங்க வேணுமெண்டா தோணியத் தள்ளிக்கொண்டு வாங்க, இல்லாட்டி அங்கேயே நில்லுங்க."

காலை ஊன்றாமல் என்றுதான் கொப்பியில் எழுதியிருந்தேன். கையை ஊன்றக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு கையையும் சேற்றில் புதைத்து உடம்பை இழுத்தேன். வயிறு சேற்றில் வழுக்கியது. கேன் பின்னால் தடதடவென்று இழுபட்டு வந்தது. ஒரு சாண் தண்ணீர், பிறகு வெறும் சேறு, பிறகு மறுபடி ஒரு முழத் தண்ணீர். ஆழம் வந்த இடத்தில் நீந்தினேன், ஆழம் போன இடத்தில் ஊர்ந்தேன். முழங்கையை ஊரிச் சிப்பி கிழித்தது. வாய்க்குள் போன சேற்றைத் துப்பித் துப்பி ஏசினேன். மனுவை ஏசினேன், மழையை ஏசினேன், பரீட்சை மண்டபத்தை ஏசினேன், தையல் மெசினைக் கொண்டுபோன கடலை ஏசினேன். பின்னால் அண்ணன் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தோணியைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அவர் நிற்கவில்லை. எத்தனை நேரமானது என்று தெரியாது. கைக்கடிகாரத்தைச் சேறு மூடியிருந்தது.

அக்கரையில் புல்லைப் பிடித்து ஏறினேன். அதுவரை கால் நிலத்தில் படவில்லை. கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது. தூரத்தில் என் தலை நகராமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவரிடமிருந்து கேலியை எதிர்பார்த்தேன். அவர் தன் சாறத்து நுனியால் என் கண்ணைச் சுற்றியிருந்த சேற்றைத் துடைத்தார்.

"போ புள்ள," என்றார். "றோட்டுல தண்ணி வத்திட்டு. நீ எழுதின மனுவாலதான் வத்தினது."

அது சரிதான். வெட்டாமலிருந்திருந்தால் அந்த வீதி இன்னும் தண்ணீருக்குள் கிடந்திருக்கும். ஆற்றில் என்னைப் பழிவாங்கிய மனு வீதியில் எனக்கு வழிவிட்டது. வட்டைவரை மிதித்தேன். பயிர் மஞ்சளித்துக் கிடந்தது, ஆனால் நின்றது. சைக்கிளைத் திருப்பினேன்.

பாலத்தடியில் அதே பொலிஸ்காரர் நின்றார். கணவர் சைக்கிளோடு கொண்டுவந்திருந்த முகக்கவசத்தைப் போட்டிருந்தேன், அது ஒன்றுதான் உடம்பில் சுத்தமாக இருந்தது. தலைமுடியிலிருந்து சப்பாத்துவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. முழங்கையில் இரத்தம். அன்று மண்வெட்டி இல்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வயல் வேலையா?"

"ஓம்," என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

வளவுக்குள் தொண்ணூறுக்கு மேல் புளியங்கொட்டை போட்டேன். கடைசி இருபது சுற்றில் காலில் உணர்வில்லை. அண்ணன் கால் கழுவிக்கொண்டு வந்து வேலிக்கு அப்பால் நின்று எண்ணினார். கணவர் கிணற்றடியில் நின்று எண்ணினார். இரண்டு பேருடைய கணக்கும் ஒன்று பிசகியது. யார் சரி என்று அவர்கள் வாதாடிக்கொண்டு நிற்க, சந்தேகத்துக்கு இன்னும் ஒரு சுற்று ஓடிவிட்டு வெண்டிப் பாத்திக்குப் பக்கத்தில் விழுந்தேன். கோழி ஒன்று வந்து என் சட்டைச் சேற்றைக் கொத்திப் பார்த்தது.

குளித்துவிட்டு வந்து கொப்பியை எடுத்தேன். திகதி எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், ஆற்றைக் கடந்தேன், பாதி நீந்தி, பாதி ஊர்ந்து, மிதித்தேன், ஓடினேன், முடித்தேன் என்று எழுதினேன். அந்தக் கடைசிச் சொல்லை என் கை அதற்கு முன் எனக்காக எழுதியதில்லை. மூன்றாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கிழமையே புது வருடம் பிறந்தது. நோய் போகவில்லை, மறுபடி அடைப்பார்கள் என்று பேச்சு இருந்தது. நிலைமை சரியில்லை. புதுக் கொப்பியின் முதற்பக்கத்தில் கதிரவெளி என்று எழுதிவிட்டு, அடிமட்டம் வைத்து இரண்டு கட்டங்கள் மட்டும் கீறினேன்.